பிரஷ் அடிச்ச கார்: ஒரு சின்ன வரலாறு

“கேட்டுக்கு அடிக்கிற பெயின்டைக் காருக்கு அடிச்சிரிக்கான்!”

வீட்டு முற்றத்துல வெச்சு, சொந்தக் கையால காருக்குப் பெயின்ட் அடிச்ச யாரும் இந்தக் கதையைக் கேக்காமத் தப்ப ஏலாது. கராஜுக்குக் குடுக்கச் சல்லி இல்லாதவன் செய்யுற வேலை, ஸ்பிரே அடிக்காத பெயின்ட் எல்லாம் ஒரு பெயின்டா என்ற இளக்காரம் அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது.

சிரிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். உலகத்தில் ஓடிய முதல் தலைமுறைக் கார்கள் பிரஷ்ஷால்தான் பெயின்ட் அடிக்கப்பட்டன. பெரிய பணக்காரர்கள் வாங்கிய கார்களும் அப்படித்தான். ஸ்பிரே பின்னால் வந்தது. அது வந்ததற்கு முதற் காரணம் அழகு என்று நினைத்தால் பிழை; தொழிற்சாலைக்கு இருந்த அவசரம்தான் காரணம்.

முற்றத்தில் பழைய காரைச் சுரண்டிக்கொண்டு நிற்கிற ஒருவரின் கைக்குப் பின்னால் ரெண்டு வரலாறு இருக்கிறது. ஒன்று பெயின்டின் வரலாறு. மற்றது, பழைய காரை விட்டுவிட முடியாதபடி இந்த நாடு நம்மை வைத்திருந்த வரலாறு. ரெண்டையும் ஒருக்கா பாத்திட்டு வருவம்.

குதிரை வண்டிக்காரரின் பிரஷ்

முதலில் கார் செய்தவர்களுக்குக் காருக்கென்று தனியாக ஒரு பெயின்ட் இருக்கவில்லை. குதிரை வண்டிக்கு என்ன பூசினார்களோ அதையே காருக்கும் பூசினார்கள். ஆளி விதை எண்ணெய், மரப்பிசின், ஈயம் கலந்த வெள்ளை, நிறப்பொடி: இவைதான் பொருட்கள். பிரஷ்ஷால் ஒரு கோட் அடிப்பார்கள், காயவிடுவார்கள், தேய்ப்பார்கள், திரும்ப அடிப்பார்கள். நல்ல வண்டி என்றால் பத்துக் கோட்டுக்கு மேலே போகும். கடைசி வார்னிஷ் பூசும் அறையில் தூசி எழும்பாமல் இருக்கத் தரையை நனைத்து வைப்பார்கள்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எண்ணெய்ப் பெயின்ட் காற்றிலிருக்கும் ஒட்சிசனை எடுத்து மெல்ல மெல்லத்தான் இறுகும். ஒரு காருக்கு நிறம் பூசி முடிய வாரக்கணக்கில் எடுக்கும். ஒரு நாளைக்குப் பத்துக் கார் செய்கிற தொழிற்சாலைக்கு அது பரவாயில்லை. ஆயிரக்கணக்கில் செய்யப் போனால், காயாத கார்களை நிறுத்தி வைக்கவே ஒரு ஊர் அளவு கட்டடம் வேணும்.

ஹென்றி போர்டின் மொடல் டீ கார் 1908இல் வந்தபோது சிவப்பு, பச்சை, சாம்பல் என்று பல நிறங்களில் வந்தது. 1913இல் அவரது தொழிற்சாலையில் நகரும் வரிசை முறை தொடங்கியது. 1914 முதல் 1925 வரை அந்தக் கார் கறுப்பு நிறத்தில் மட்டும்தான் வந்தது. பல கைகளில் வெவ்வேறு நிறம் அடித்துக்கொண்டிருக்க அந்த வரிசைக்கு நேரமில்லை. தார் வகைப் பொருளில் செய்த கறுப்புப் பூச்சு மலிவு, உறுதியானது, உதிரிப் பாகங்களை அதில் தோய்த்துச் சூளையில் வைத்துச் சீக்கிரம் காய வைக்கலாம். காரின் நிறத்தைத் தீர்மானித்தது வாங்குகிறவரின் ஆசை என்று சொல்வதைவிடக் காய்கிற நேரம் என்று சொல்வதே பொருந்தும்.

தொண்டை வைத்தியரும் வெடிமருந்தும்

அந்தப் பூட்டைத் திறந்த சாவி போர்க்களத்திலிருந்து வந்தது. பஞ்சை அமிலத்தில் பதப்படுத்தினால் கிடைப்பது நைட்ரோசெலுலோஸ். துப்பாக்கி வெடிமருந்தும் அதுதான், பழைய சினிமாப் படச்சுருளும் அதுதான். முதலாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்காவின் டூபொன்ட் கம்பனியிடம் வெடிமருந்து செய்கிற பெரிய ஆலைகள் இருந்தன, வாங்க ஆள் இல்லை. அதே பொருளைக் கரைத்து, ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியோடு சேர்ந்து ஒரு கார் பெயின்ட் செய்தார்கள். 1923இல் வந்த அதன் பெயர் டூக்கோ. ஓக்லண்ட் என்ற கார்தான் அதை முதலில் உடுத்துக்கொண்டு வந்தது, நீல நிறத்தில். வாரக்கணக்கில் காய்ந்த பெயின்ட் இப்போது மணித்தியாலக் கணக்கில் காய்ந்தது.

ஆனால் அவ்வளவு வேகமாகக் காய்கிற பெயின்டைப் பிரஷ்ஷால் இழுக்க ஏலாது. இழுக்கும்போதே இறுகிவிடும். இங்கேதான் ஸ்பிரே உள்ளே வருகிறது.

அதன் கதை இன்னும் விசித்திரம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில் அலன் டெவில்பிஸ் என்று ஒரு தொண்டை வைத்தியர் இருந்தார். நோயாளிகளின் தொண்டைக்குள் பஞ்சால் மருந்து தடவுவதற்குப் பதிலாக, அதைப் பனிபோலத் தெளிக்க 1880களின் கடைசியில் ஒரு சின்னக் கருவி செய்தார். அவருடைய மகன் தோமஸ் 1907 அளவில் அதே யோசனையைப் பெயின்டுக்குத் திருப்பினார். இன்றைக்கும் கராஜ்களில் டெவில்பிஸ் என்ற பெயரோடு ஸ்பிரே துப்பாக்கி தொங்குகிறது என்றால், அதன் பாட்டன் ஒரு தொண்டை மருந்துக் குப்பிதான்.

நம்முடைய கதைக்கு இன்னொரு பெயின்ட் முக்கியம். 1920களில் எண்ணெயையும் செயற்கைப் பிசினையும் சேர்த்து அல்கிட் எனாமல் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 1930களில் அது கார்த் தொழிற்சாலைகளுக்குள் போனது. மலிவு, மினுக்கம் அதிகம், தேய்த்து மெருகேற்றத் தேவையில்லை. இன்றைக்கு ஹாட்வெயார் கடையில் ஜன்னலுக்கும் கேட்டுக்கும் விற்கிற எனாமல் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். தொழிற்சாலையில் சூளையில் வைத்து இறுக்கினார்கள், முற்றத்தில் வெயிலில் வைத்து இறுக்குகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே ‘கேட் பெயின்ட்’ என்று சிரிக்கிறவருக்குச் சொல்லலாம்: இது முன்னால கார் பெயின்ட், கேட்டுக்குப் பிறகுதான் வந்தது.

கதவைப் பூட்டிய நாடு

இனி இலங்கைக்கு வருவோம். 1950களில் இங்கே ஓடிய கார்களில் கணிசமானவை பிரித்தானியக் கார்கள். மொரிஸ் மைனர், ஒஸ்டின், ஹில்மன், போர்ட். அதில் மொரிஸ் மைனருக்கு ஒரு தனி இடம் உண்டு. 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட அந்தக் கார்தான் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார். அதைக் கொண்டாட 1961இல் கத்தரிப்பூ நிறத்தில் 349 கார்களை மட்டும் விசேடமாக வெளியிட்டார்கள்.

அந்தக் காலத்தில் இலங்கை வாகனங்களின் மேல் ஏறிய இன்னொரு பிரஷ்ஷையும் மறக்கக் கூடாது. 1957, 58 காலத்தில் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் அதை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. சிங்கள எழுத்தை அழித்துத் தமிழ் ‘ஸ்ரீ’யை எழுதினார்கள். அதற்குப் பதிலடியாகத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. சில வாரங்களுக்குள், 1958 மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. ஒரு சாண் நீளத் தகட்டில் என்ன எழுத்து இருக்கலாம் என்பதற்குள் அவ்வளவும் இருந்தது. பழைய காரின் தகட்டில் இன்றும் அந்த எழுத்தைப் பார்க்கிறவர்கள் ‘ஸ்ரீ நம்பர்’ என்று விலை பேசிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

1960களில் நாட்டின் வெளிநாட்டு நாணயம் குறையத் தொடங்கியது. கார் ஆடம்பரப் பொருள் என்று இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சியில் பொருளாதாரம் கிட்டத்தட்ட முழுதாக மூடப்பட்டது. பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற காலத்தில் புதுக் காரை யார் நினைப்பது? பெயின்டும் உதிரிப் பாகமும்கூட வெளிநாட்டுப் பொருட்கள்தான்.

இப்படித்தான் இந்த நாட்டில் ஒரு பழக்கம் உருவானது: காரை மாற்றுவது இல்லை, காரைக் காப்பாற்றுவது. உடைந்த பாகத்தை வாங்க முடியாவிட்டால் செய்வது. தகரத்தைக் கையால் அடித்து மட்காட் செய்கிற டிங்கர் பாஸ்மார்கள் ஊருக்கு ஊர் உருவானார்கள். இந்தத் திறமை எவ்வளவு தூரம் போனது என்றால், 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையம் ஒன்று, தன் கார்களுக்கு வேண்டிய தகரப் பாகங்களை இலங்கையின் தென்பகுதியில் கையால் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தது. வெள்ளைக்காரன் செய்த காருக்கு, வெள்ளைக்காரன் நாட்டுக்கே நம்மட ஆட்கள் பாகம் செஞ்சு அனுப்பினாங்க. வறுமையில் படித்த பாடம்தான், ஆனால் படித்தது உண்மை.

1977இல் ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் கதவைத் திறந்தது. டட்சன், டொயோட்டா, மிட்சுபிஷி என்று ஜப்பான் கார்கள் வரத் தொடங்கின. பாவித்துச் சீர்செய்த கார்களும் கப்பல் கப்பலாக வந்தன. ஆனால் பழைய பழக்கம் போகவில்லை. கார் என்றால் நம் ஆட்களுக்கு அது காணி மாதிரி. வாங்கும்போது வைக்கிற காசு விற்கும்போது திரும்பி வரவேணும். அதற்குக் காரின் தோல் நன்றாக இருக்க வேணும்.

பிறகு 2020. கொரோனாவோடு சேர்த்து வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அந்த ஒரு சில மாதங்களில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்ப் பக்கம் போனது. பெற்றோலுக்கு கியூ.ஆர். அட்டை வந்தது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். கிட்டத்தட்ட அஞ்சு வருஷம். அந்த அஞ்சு வருஷமும் நாட்டில் இருந்த ஒவ்வொரு பழைய காரும் ஒரு வயது கூடக் கூட விலையும் கூடியது. பொதுவாக நடக்காத விஷயம் இது.

பெயின்ட் விலையும் அதே டொலரோடுதான் ஏறியது. கராஜில் முழுக்காருக்கும் பெயின்ட் அடிக்கிற செலவைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் முற்றத்தில் பிரஷ் எடுத்தது அப்படித்தான். 1970களில் வாப்பாமாரும் மூத்தவாப்பாமாரும் இருந்த அதே இடத்துக்கு நாம் வந்து நின்றோம்.

கடலுக்குப் பக்கத்துக் கார்

நம்மட ஊருக்கு இதில் ஒரு கூடுதல் கணக்கு இருக்கிறது. கொழும்பில் பெயின்ட் பழுதானால் அசிங்கம். சாய்ந்தமருதில் பெயின்ட் பழுதானால் கார் சாகும்.

கிழக்கே கடல். உப்புக் கலந்த காற்று இரவும் பகலும் ஊருக்குள் வருகிறது. உப்பு தண்ணியை இழுத்துப் பிடித்து வைக்கும்; உப்புத் தண்ணிக்குள் இரும்பு மிக வேகமாகக் கறள் பிடிக்கும். பெயின்டில் ஊசி அளவு ஒரு கீறல் போதும், கறள் அதற்குள்ளால் போய்ப் பெயின்டுக்குக் கீழேயே பரவும். மேலே பார்த்தால் ஒரு சின்னக் கொப்புளம். தட்டினால் உள்ளங்கை அளவு பொத்தல்.

2004 டிசம்பர் 26 கடற்கோள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்களை எடுத்தது. சாய்ந்தமருது இழந்ததைக் கார்க் கணக்கோடு சேர்த்துப் பேசக் கூடாது. ஆனால் உப்புத் தண்ணி ஒரு முறை காரின் பொடிக்குள் போனால் என்ன செய்யும் என்பதை இந்தக் கரையில் வாகனம் திருத்துகிற எவரும் அன்றிலிருந்து அறிவார். வெளியே கழுவலாம். கதவுக்குள்ளும் படிக்குள்ளும் தங்கிய உப்பு வருஷக்கணக்கில் உள்ளேயிருந்து தின்னும்.

மொரிஸ் மைனர் முதல் இன்றைய சின்னக் கார் வரை பெரும்பாலானவற்றுக்குத் தனியான சட்டகம் கிடையாது. தகரப் பொடியே எலும்பும் தோலும். கதவுக்குக் கீழே ஓடுகிற படிப்பகுதி கறளில் போனால் காரின் முதுகெலும்பு போனது என்று அர்த்தம். அந்த ஓட்டையை புட்டியால் அடைத்து, மேலே பளபள என்று பெயின்ட் அடித்து விற்பதும் நடக்கிறது. அது பெயின்ட் வேலை அல்ல. வாங்குகிறவரின் பிள்ளைகளை ஏமாற்றுகிற வேலை.

காசு எங்கே போக வேணும்

குறைந்த காசில் செய்கிறவர் முதலில் ஒரு கணக்குப் போடலாம். ஒரு சின்னக் காரின் வெளிப்பக்கம் 10 முதல் 12 சதுர மீற்றர் வரும். ஒரு லீட்டர் எனாமல் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ அதே அளவைத்தான் மூடும். மூன்று மெல்லிய கோட்டுக்கு மூன்று லீட்டர். அதாவது நிறத்துக்குப் போகிற காசு மொத்தச் செலவில் சின்னப் பங்குதான். கராஜில் நாம் குடுக்கிற காசில் பெரும்பகுதி கூலி. கூலி என்றால் சுரண்டுவது, தேய்ப்பது, நிரப்புவது, திரும்பத் தேய்ப்பது. வீட்டில் செய்கிறவர் மிச்சம் பிடிப்பது அந்தக் கூலியைத்தான். ஆகவே அந்த வேலையைக் குறைத்தால் மிச்சமும் இல்லை, காரும் இல்லை.

ஒழுங்கு இதுதான். கறள் பிடித்த இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்ப்பது. ஓட்டை இருந்தால் வெல்டிங்குக்கு அனுப்புவது. காசு செலவழிக்க வேண்டிய இடம் இது. வெறும் இரும்பை ஓர் இரவுகூட நம்மட காற்றில் விடக் கூடாது, அன்றைக்கே ரெட் ஒக்சைட் பூச வேணும். மிச்ச இடத்தை 400 இலக்க வாட்டர் பேப்பரால் தண்ணி போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணியில் உப்புப் போகக் கழுவிக் காயவிடுவது. பிறகு எனாமலைக் கொஞ்சம் இளக்கி, மெல்லிய பஞ்சு ரோலரால் உருட்டி, பிரஷ் நுனியால் லேசாக ஒரே பக்கம் இழுத்துவிடுவது. ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் ஒரு நாள். தடிப்பாக ஒரே கோட்டில் முடிக்க நினைத்தால் ஒழுகும், சுருங்கும்.

பழைய வரலாறு இங்கே கைக்கு உதவும். டூக்கோ வகைப் பெயின்டின் தின்னர் மிகக் காரமானது. எனாமலுக்கு மேலே அதை அடித்தால் கீழே உள்ள எனாமல் சுருண்டு எழும்பும். நன்றாகக் காய்ந்து தேய்த்த டூக்கோவுக்கு மேலே எனாமல் அடிக்கலாம். அதனால் முதலில் தெரிய வேண்டியது, இந்தக் காருக்கு முன்னால் என்ன அடித்திருக்கிறார்கள் என்பது. துணியில் கொஞ்சம் தின்னர் நனைத்து மறைவான இடத்தில் தேய்த்தால், டூக்கோ உடனே கரைந்து நிறம் துணிக்கு வரும்.

காலமும் பார்க்க வேணும். வாடைக் காற்று மழைக்குள் ஈரம் விடாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மேற்கிலிருந்து வருகிற புழுதி பெயின்டில் ஒட்டும். இரண்டுக்கும் இடையில் வருகிற மாதங்களே வசதி. அப்போதும் பனி உலர்ந்த பிறகு தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் நிறுத்துவது நல்லது.

உடம்புக்கு ரெண்டு விஷயம். ஈயம் கலந்த பெயின்டுக்கு இலங்கையில் சட்ட வரம்பு வந்தது 2011இல், நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியில். அதற்கு முந்திய அடுக்குகளைக் காய்ந்தபடி தேய்த்தால் ஈயத் தூசி வீட்டுக்குள், பிள்ளைகள் விளையாடுகிற மண்ணுக்குள் போகும். தண்ணி போட்டுத்தான் தேய்க்க வேணும், தேய்த்த சேற்றை அள்ளிக் கட்ட வேணும். அடுத்தது, கராஜ்களில் அடிக்கிற டூகே பெயின்ட். அதன் இறுக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அதைத் தெளிக்கிற புகை நெஞ்சுக்குள் போனால் ஆயுசுக்கும் ஆஸ்துமா வரலாம். சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வீட்டில் ஸ்பிரே வாடகைக்கு எடுத்து டூகே அடிக்கிறதைவிட எனாமலும் ரோலரும் எவ்வளவோ மேல். மினுக்கம் கொஞ்சம் குறையும். மூச்சு இருக்கும்.

அடுக்குகளை வாசிப்பது

முற்றத்தில் பெயின்ட் அடித்த கார் தொழிற்சாலைக் கார் மாதிரி இருக்காது. கிட்ட நின்று பார்த்தால் ரோலர் போன தடம் தெரியும். நம்மட கரையில் தோணிக்கு நிறம் அடிக்கிறவரின் வேலையிலும், லொறிப் பலகையில் பூ வரைகிறவரின் வேலையிலும் அதே கைத்தடம் இருக்கிறது. அவற்றை யாரும் பார்த்துச் சிரிப்பதில்லை. காரில் மட்டும் ஏன் கூச்சம்? கார் என்பது அந்தஸ்து என்று நம்பவைக்கப்பட்டிருக்கிறோம், அவ்வளவுதான். பிரஷ் தடம் வீட்டு வருமானத்தை ஊருக்குச் சொல்லிவிடும் என்ற பயம். 2022இல் பெற்றோலுக்காக இரவெல்லாம் ஒரே வரிசையில் நின்றபோது யாருடைய வருமானம் யாருக்குத் தெரியாமல் இருந்தது?

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கட வீட்டுல ஒரு பழைய கார் இருந்து, அதை நீங்க தேய்க்கப் போறீங்க என்றால், பொனட்டின் ஒரு மூலையில் உள்ளங்கை அளவு இடத்தை மெல்ல மெல்ல, நாலு பக்கமும் சரிவாகத் தேய்த்துப் பாருங்க. மரத்தின் வளையம் மாதிரி நிறங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். எல்லாவற்றுக்கும் கீழே, கப்பலில் வந்த நிறம். ஒரு போட்டோ எடுங்க. வாப்பாவிடமோ பெரியப்பாவிடமோ காட்டி, எந்த நிறம் எந்த வருஷம், யார் அடித்தது, அப்போது பெயின்ட் எங்கே வாங்கினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்க. துறைமுகக் கதவு எப்போது பூட்டியது என்று அரசாங்க வர்த்தமானியில் இருக்கிறது. பூட்டியிருந்த நாட்களில் நம்மட வீடுகளில் என்ன செய்தார்கள் என்பது அந்த மூலையில்தான் இருக்கிறது, அடுத்த கோட் அடிக்கும்வரை.